குடிலுக்குள் பேசக்கூடாது

மகன் பூங்கா ஆபீஸுக்கு மறுபடியும் போன் போட்டுக் கத்திக்கொண்டிருந்தான்.

"யார் பக்கத்துல உக்காந்திருந்தாங்கன்னு ஒரே ஒரு கேள்விதான் சார் கேக்கறேன். ஒரு மனுஷன் உக்காந்த இடத்துலயே செத்துப் போயிருக்காரு. சுத்தி இத்தனை பேர் இருந்திருக்காங்க. ஒருத்தருக்கும் தெரியலன்னா என்ன சார் அர்த்தம்?"

கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டார்கள். நடுவில், திறந்திருந்த பெட்டிக்குள், அவனுடைய அப்பா தனக்குச் சம்பந்தமில்லாத விவகாரம் என்பதுபோலக் கண்ணை மூடிப் படுத்திருந்தார். உயிரோடிருந்தபோதும் வீட்டில் சத்தம் கூடினால் அவர் முகம் அப்படித்தான் ஆகும்.

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த மனைவிக்கு மகனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லலாமா என்று இருந்தது. போனில் கத்துகிறவனுக்கு எதிர்முனையில் இருப்பவர்கள் எதையும் சொல்லமாட்டார்கள். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் டெலிபோன் போர்டில் உட்கார்ந்து ரிட்டயரானவள் அவள். கத்துகிறவர்களிடம் 'லைன்லயே இருங்க' என்று தேனாகச் சொல்லிவிட்டு, அப்படியே மறந்துபோவது அந்த வேலையின் எழுதாத சட்டம். இவனை இப்போது எந்தப் பெண் லைனிலேயே இருக்கச் சொல்லியிருக்கிறாளோ என்று நினைத்துக்கொண்டாள்.

நடந்தது இவ்வளவுதான். நேற்றுக் காலை வழக்கம்போல அவர் ஃப்ளாஸ்க்கையும் பைனாகுலரையும் எடுத்துக்கொண்டு சதுப்புநிலப் பூங்காவுக்கு நடக்கப் போனார். ஏரிக்கரையில், பறவை பார்ப்பதற்கென்று பலகையால் ஒரு குடில் கட்டியிருக்கிறார்கள். உள்ளே ஒரு நீள பெஞ்சு, எதிரே கண் மட்டத்துக்கு ஒரு நீள இடுக்கு. அந்த பெஞ்சின் மூலையில் உட்கார்ந்தபடியே அவர் இறந்துபோனார். மற்றவர்கள் எழுந்து கிளம்பும்போதுதான் அவர் மட்டும் எழவில்லை என்பது தெரிந்தது. ஆம்புலன்ஸ் வந்து, ஆஸ்பத்திரிக்குப் போய், அங்கே இருந்த சின்ன வயசு டாக்டர் மகனிடம், "இன்னும் கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்திருந்தா பாத்திருக்கலாம்" என்று சொல்லியிருக்கிறார்.

அந்த ஒரு வாக்கியம்தான் மகனை ஆட்டிவைத்துக்கொண்டிருந்தது. போர்டில் இருந்த காலத்தில் எத்தனையோ லைனில் அவள் அதைக் கேட்டிருக்கிறாள். சமையலுக்கு உப்பு மாதிரி டாக்டர்கள் அதை எல்லோருக்கும் பொதுவாகப் போட்டுவைப்பார்கள். அடுத்த வீட்டுக்குப் போனபோதெல்லாம் வெறும் பேச்சாகத் தெரிந்தது, தன் வீட்டுக்கு வந்தபோது முள்ளாக நின்றது. வலித்திருக்குமா? யாரையாவது கூப்பிட்டிருப்பாரா? கூப்பிட்டும் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லையா? மகன் போனில் கேட்டுக்கொண்டிருந்ததைத்தான் அவளும் மனசுக்குள் கேட்டுக்கொண்டிருந்தாள். தெரியாமல் அவரை அனுப்பிவைக்க அவளால் முடியாதுபோலிருந்தது.

"அண்ணி, ரெண்டு வாய் காபியாவது குடிங்க" என்று நாத்தனார் வந்து நின்றாள். "நேத்திலேர்ந்து நீங்க ஒரு வார்த்தைகூடப் பேசல. நீங்க பேசாம இருக்கறதுதான் எனக்கு பயமா இருக்கு."

நியாயமான பயம். வாய் ஓய்ந்து அவளை யாரும் பார்த்ததில்லை. அவளுக்கு 'ரேடியோ' என்று பேர் வைத்ததே அவர்தான். அவருக்கு அவள் வைத்த பேர் 'ஊமைக்கோட்டான்'. லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். வேலை நாளெல்லாம் இருட்டுக் குழிக்குள் தனியாக நின்று, கம்பிகளும் சக்கரங்களும் போடும் சத்தத்தை வைத்தே கோளாறைக் கண்டுபிடித்தவர். அதனால் வீட்டுக்கு வந்தாலும் காது மட்டும்தான் வேலை செய்யும், வாய் வேலை செய்யாது. இத்தனை பேருக்கு லிஃப்ட் ரிப்பேர் செய்தவர் குடியிருந்தது மூன்றாவது மாடியில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தில். "ஊருக்கெல்லாம் லிஃப்ட்டு, பொண்டாட்டிக்குப் படிக்கட்டு" என்று அவள் சொல்லாத நாளில்லை. அவர் சிரிப்பார், அவ்வளவுதான்.

ரிட்டயரான பிறகு அந்தச் சேறு வந்து சேர்ந்தது. பூங்கா என்று ஊர் சொன்னாலும் அவளுக்கு அது சேறுதான். விடிந்தும் விடியாமலும் கிளம்பிப் போவார். வரும்போது பேன்ட் முழுக்கச் சகதியும் முகம் முழுக்கச் சந்தோஷமுமாக வருவார். "ரிட்டயரானா புருஷன் கையில கிடைப்பான்னு பாத்தா, சக்களத்தி வீட்டுக்குப் போயிட்டு வர்ற மாதிரி வர்றாரு" என்று பால்காரரிடம்கூடச் சொல்லியிருக்கிறாள்.

ஒரே ஒரு தடவை அவளையும் அழைத்துப் போனார். நாணல் நடுவே போட்டிருந்த மரப்பாதையில் நடந்தது நன்றாகத்தான் இருந்தது. தாமரை இலைமேல் நடக்கும் தண்ணீர்க் கோழிகளையும், முங்கினால் எங்கே எழும் என்று சொல்ல முடியாத முக்குளிப்பான்களையும் காட்டினார். குடிலுக்குள் நுழைந்ததும் அவள், "எங்கங்க, ஒண்ணையும் காணோமே?" என்று சாதாரணக் குரலில்தான் கேட்டாள். அதுவரை எதிரே இருந்த ஏதோ பறவை படபடவென்று எழுந்து போய்விட்டது. பெஞ்சில் இருந்த அத்தனை தலைகளும் திரும்பி அவளைப் பார்த்தன. சாவு வீட்டில் சிரித்தவளைப் பார்ப்பதுபோல இருந்தது அந்தப் பார்வை. பேசினால் குற்றமாகிற இடத்தில் தனக்கென்ன வேலை என்று அதற்குப் பிறகு அவள் போகவில்லை.

மத்தியானம் தாண்டியதும் வாசலில் இரண்டு பேர் வந்து நின்றார்கள். ஒருவர் நடுத்தர வயசு மனிதர், சட்டை நன்றாகத் தேய்த்திருந்தும் நகக்கண்ணில் வெள்ளைப் பெயின்ட். அவருக்குப் பின்னால், கண்ணாடி போட்ட ஒல்லியான பெண். படி ஏறி வந்ததில் அவளுக்கு மூச்சு வாங்கியது.

"பார்க்குல சாரோட நடக்கறவங்க நாங்க" என்றார் அந்த மனிதர். "நான் பெயின்டருங்க. இவங்க பல் டாக்டர்."

இருவரும் பெட்டியருகே வந்து நின்றார்கள். பெயின்டர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தலைமாட்டில் இருந்தவளிடம் குனிந்தார்.

"நீங்கதான் ரேடியோ அக்காவா?"

நாத்தனார் முகம் போன போக்கைப் பார்த்து அவரே பதறிப்போனார். "தப்பா நினைச்சுக்காதீங்கக்கா. சார் அப்படித்தான் சொல்லுவாரு. எங்களுக்கு வேற பேரு தெரியாது."

"அவர் சொன்னாரா?" என்றாள். நேற்றிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான். "உங்ககிட்ட அவர் பேசுவாரா?"

"பேசுவாராவா? கேட்டுலேர்ந்து குடில் வரைக்கும் அவருதான் பேசுவாரு, நாங்க சிரிச்சுக்கிட்டே வருவோம். 'நேத்து ரேடியோ நியூஸ் கேட்டீங்களா'ன்னுதான் ஆரம்பிப்பாரு. ஊருக்கெல்லாம் லிஃப்ட்டு, பொண்டாட்டிக்குப் படிக்கட்டு. அது எங்க எல்லாருக்கும் பாடம்க்கா. அப்புறம் அந்த சக்களத்தி கதை. ஒரு நாள் லேட்டா வந்தா நாங்களே கேப்போம், என்ன சார், பெரிய வீட்டுல விடலையான்னு."

சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாதோ என்று பெட்டியைப் பார்த்தார். கூடத்தில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. வீட்டில் எண்ணி எண்ணிப் பேசிய மனுஷன், அவள் பேச்சையெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு போய் அங்கே அவிழ்த்து விட்டிருக்கிறார். காதில் விழாததுபோல உட்கார்ந்திருந்தாரே, எல்லாம் விழுந்திருக்கிறது. 'அதை என்கிட்ட ஒரு தடவை சொல்லியிருக்கக் கூடாதா' என்று பெட்டியைப் பார்த்து மனசுக்குள் கேட்டாள்.

பல் டாக்டர் இதுவரை வாயைத் திறக்கவில்லை. மகன் போனை அணைத்துவிட்டு உள்ளே வருவதைப் பார்த்ததும், அவள் சட்டென்று கிட்டே வந்து தணிந்த குரலில், "உங்ககிட்ட தனியா ஒரு நிமிஷம் பேசணும்மா" என்றாள்.

பின்பக்கம், துணி காயப்போடும் பால்கனிக்கு டாக்டரை அழைத்துப் போய்க் கதவைச் சாத்தினாள். கொடியில் முந்தாநாள் துவைத்த அவருடைய பேன்ட் இன்னும் கிடந்தது. டாக்டர் அதைப் பார்த்தாள், உடனே பார்வையை மாற்றிக்கொண்டாள்.

"நேத்து அவருக்குப் பக்கத்துல உக்காந்திருந்தது நான்தான்."

அவள் நிமிர்ந்து டாக்டரின் முகத்தைப் பார்த்தாள்.

"ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணினதும் நான்தான். ஆனா அதுக்கு முன்னாடி…" டாக்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "எங்க ஏரியில குருகுன்னு ஒரு பறவை இருக்கு. நாணலுக்குள்ள நாணல் மாதிரியே நிக்கும். வெளிய வராது. போன வருஷம் பூரா தேடினோம், நானும் அவரும். நேத்து வந்துச்சு. எங்களுக்கு நேர் எதிர, தண்ணி ஓரத்துல. குடில்ல எல்லாரும் மூச்சைப் பிடிச்சிட்டு இருந்தோம். அப்போ அவர் தொண்டையைச் செருமற மாதிரி ஒரு சத்தம் போட்டார். நான் திரும்பிப் பாக்கல. மறுபடியும் போட்டார். கொஞ்சம் பெரிசா, முனகற மாதிரி."

"ம்."

"நான் உஷ்ஷுன்னு சொன்னேன்."

கீழே தெருவில் ஒரு வண்டி ரிவர்ஸ் எடுக்கும் பீப் சத்தம் வந்துகொண்டே இருந்தது.

"உஷ்ஷுன்னீங்க" என்றாள் அவள்.

"ஆமா. குருகு பறந்துடப் போவுதேன்னு. என் கண்ணு அது மேலயே இருந்துச்சு. அப்புறம் அவர் சத்தமே போடல. ரொம்ப நேரம் குருகு நின்னுச்சு. அவரும் அசையாம உக்காந்திருந்தார், சரி, நம்மள மாதிரி பாத்துட்டு இருக்கார்னு நினைச்சேன். அது போனப்புறம் திரும்பி, 'பாத்தீங்களா சார்'னு கேட்டேன்." கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். "நான் டாக்டர்மா. பல்லுதான் பாக்கறேன், ஆனாலும் படிச்சது அதுதானே. அந்த முனகல் என்னன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கணும். உங்க பையன் கேக்கற ஆள் நான்தான். அவர்கிட்ட நானே சொல்லிடறேன். மொதல்ல உங்ககிட்ட சொல்லணும்னு தோணுச்சு."

அவளுக்கு உள்ளங்காலிலிருந்து சூடாக ஒன்று ஏறியது. வாயைத் திற, பேசு, ஒரு வார்த்தையாவது சொல்லு என்று கல்யாணமான நாளிலிருந்து அந்த மனுஷனோடு மல்லுக்கட்டியிருக்கிறாள். கடைசியில் அவராகவே ஒரு சத்தம் போட்டிருக்கிறார். அதையும் ஒருத்தி அடக்கிவிட்டாள். எதற்காக? ஒரு கொக்குக்காக. கதவைத் திறந்து மகனைக் கூப்பிட்டால் போதும்; அவன் தேடிக்கொண்டிருந்த ஆள் இதோ பால்கனியில் நிற்கிறாள். அவள் கதவின் தாழ்ப்பாளில் கை வைத்தாள். டாக்டர் தடுக்கவில்லை, கண்ணாடியைக் கழற்றி வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

அவளுக்கு இன்னும் ஒன்று தெரியவேண்டியிருந்தது. தாழ்ப்பாளில் கை வைத்தபடியே, திரும்பாமல் கேட்டாள்.

"நீங்க உஷ்ஷுன்னதும் அவர் என்ன பண்ணினாரு?"

"ஒண்ணும் பண்ணலம்மா. என் கைமேல லேசா ரெண்டு தட்டு தட்டினார். சரி சரிங்கற மாதிரி. அவ்வளவுதான்."

அவள் திரும்பினாள்.

"எங்க தட்டினாரு?"

"இங்க. முழங்கைக்குக் கீழ."

அந்தத் தட்டு அவளுக்குத் தெரியும். அவள் பேச்சு நீண்டுபோகும்போது, கோபம் தலைக்கேறும்போது, மாமியாரோடு சண்டை போட்டுவிட்டு அழுதபோது, மகன் பிறந்த அன்று வலியில் அவரைக் கண்டபடி திட்டியபோது, எல்லாவற்றுக்கும் அவரிடமிருந்து வந்த ஒரே பதில் அது. முழங்கைக்குக் கீழே இரண்டு தட்டு. வாயைத் திறந்து சொன்னால் முத்தா உதிர்ந்துவிடும் என்று அந்தத் தட்டுக்கே அவள் பல நாள் இன்னும் அதிகமாக எரிந்து விழுந்திருக்கிறாள். கடைசித் தட்டு வேறு யாருக்கோ போயிருக்கிறது. பொறாமையாகத்தான் இருந்தது, அதை மறைப்பானேன்.

"எப்படித் தட்டினாரு? காட்டுங்க."

டாக்டருக்குப் புரியவில்லை. "அம்மா?"

அவள் சேலைத் தலைப்பை ஒதுக்கிவிட்டுக் கையை நீட்டினாள். "அவர் தட்டின மாதிரியே தட்டிக் காட்டுங்க."

டாக்டர் தயங்கி, அந்தக் கையின் மேல் தன் விரல்களை வைத்து, மெதுவாக இரண்டு முறை தட்டினாள். இரண்டாவது தட்டு முதலாவதைவிட லேசாக இருந்தது. அதேதான். அப்படித்தான் தட்டுவார். அவள் கையை எடுக்காமல் அப்படியே கொஞ்ச நேரம் நின்றாள்.

"வலிச்சிருக்கு" என்றாள் பிறகு. "வலிச்சும் உங்களைச் சமாதானம் பண்ணியிருக்காரு. செத்தாலும் அடுத்தவங்களுக்குத் தொந்தரவு குடுக்கக் கூடாது அந்த மனுஷனுக்கு. நான் உங்களை என்னன்னு திட்டறது?"

"திட்டுங்கம்மா. திட்டினா நல்லா இருக்கும்."

"திட்டுவேன். எனக்குத் தெம்பு வரட்டும். வீட்டுக்குக் கூப்பிட்டு உக்காத்தி வெச்சு திட்டுவேன், ரேடியோன்னா சும்மாவா." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "என் பையன்கிட்ட சொல்லவேண்டாம்."

"எப்படிம்மா சொல்லாம இருக்கறது?"

"அவன் அப்பனை மாதிரி இல்ல. பிடிச்சா விடமாட்டான். சொன்னா, காலம்பூரா உங்களையே நினைச்சுட்டு இருப்பான். அப்பாவை நினைக்க அவனுக்கு எங்க நேரம் இருக்கும்?"

டாக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் கதவு தட்டப்பட்டது. வண்டி வந்துவிட்டது என்று மருமகள் கூப்பிட்டாள்.

கூடத்தில் எல்லோரும் எழுந்திருந்தார்கள். மகன் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, டாக்டரைக் கண்ணால் காட்டிக் கேட்டான்.

"அவங்க நேத்து அங்க இருந்தாங்களாம்மா? உள்ள கூட்டிட்டுப் போய் என்ன சொன்னாங்க?"

நாத்தனார் காதைத் தீட்டிக்கொண்டாள். அண்ணி வயிற்றில் எதுவும் தங்காது என்பது குடும்பத்துக்கே தெரிந்த விஷயம். காலையில் கேட்டதை மத்தியானத்துக்குள் நாலு வீட்டுக்குச் சொல்லாவிட்டால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது.

"குருகு வந்துச்சாம்" என்றாள் அவள். "உங்கப்பா ரொம்ப நாளா தேடிட்டு இருந்தாராம். நேத்து எதிர்லயே வந்து நின்னுச்சாம்."

"அப்பா பாத்தாரா?"

"பாத்தாராம்."

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

மகன் இன்னும் ஏதாவது வரும் என்று அவள் வாயையே பார்த்தான். வரவில்லை. கையிலிருந்த போனை ஒருமுறை பார்த்துவிட்டுப் பையில் போட்டுக்கொண்டான். குனிந்து அப்பாவின் நெற்றியைத் தொட்டான். "பாத்துட்டீங்களாப்பா" என்று அவன் மெதுவாகக் கேட்டது அவளுக்கு மட்டும் கேட்டது.

பெட்டியை மூடினார்கள். தலைப்பக்கம் மகனும் பெயின்டரும், கால்பக்கம் நாத்தனார் புருஷனும் பக்கத்து வீட்டுக்காரரும் பிடித்தார்கள். முதல் படிவரிசை இறங்குவதற்குள் நாத்தனார் புருஷனுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. "யாராவது ஒரு கை குடுங்க" என்று மகன் சொன்னான். படிக்கட்டு குறுகல், மேலே இருந்தவர்கள் யார் வருவது என்று யோசிப்பதற்குள் பல் டாக்டர் சுவரோடு ஒட்டி இறங்கிப் போய் அந்தக் கைப்பிடியை வாங்கிக்கொண்டாள்.

"தேங்க்ஸ் மேடம்" என்றான் மகன்.

அவர் மனைவி பின்னாலேயே கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். இரண்டாவது மாடித் திருப்பத்தில் பெட்டி திரும்பவில்லை. "இறக்குங்க, ஒரு நிமிஷம் இறக்கி வெச்சுட்டு திருப்பலாம்" என்றார் பெயின்டர். இறக்கி வைத்தார்கள். எல்லோரும் மூச்சு வாங்கினார்கள். டாக்டர் மட்டும் மூச்சு வாங்கவில்லை. ஒரு கையைக் கைப்பிடியிலிருந்து எடுக்காமல், இன்னொரு கையால் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டு, சத்தம் வெளியே வராமல் உடம்பெல்லாம் குலுங்க நின்றாள்.

அவள் இரண்டு படி இறங்கிப் போய், டாக்டரின் வாயை மூடியிருந்த கையைப் பிடித்து விலக்கினாள்.

"அழுங்க டாக்டரம்மா" என்றாள். "இங்க எதுவும் பறந்து போயிடாது."

அப்போது வந்த சத்தம் படிக்கட்டு முழுவதும் கேட்டது. மகன் திரும்பிப் பார்த்தான். கீழ்வீட்டுக் கதவு திறந்தது. யாரோ எட்டிப் பார்த்துவிட்டு, கதவை மூடாமல் அங்கேயே நின்றார்கள்.